கோமதி காயும்வரை

“ஷுன்சோ! முதுகெல்லாம் நனைஞ்சிட்டு. தலைகீழா கிடக்கேன், நிமித்துங்க.”

“நீ செத்து நாலு வருஷம் ஆச்சே, கோமதி!”

“அது எனக்குத் தெரியாதாக்கும்? முதல்ல நிமித்துங்க.”

ஆம்பன் புயலுக்கு மறுநாள், லேக் கார்டன்ஸில் ஒரு தரைத்தள வீட்டில் நடந்த இந்தப் பேச்சைப் பத்மநாபன் பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் ஒரு சொல் மாறாமல் சொன்னார். யாரும் வியக்கவில்லை. அந்த வாரம் வெள்ளம் புகுந்த வீடுகளில் எல்லாம் நனைந்த புகைப்படங்கள் பேசின, காய்ந்ததும் நிறுத்திக்கொண்டன. ரயில் பாதையோரத்து வீடொன்றில், என்றோ இறந்துபோன வங்கி அதிகாரி இலிஷ் மீன் கிலோ என்ன விலை என்று கேட்டு, பதில் வந்ததும் காய்வதற்கு முன்பே வாயை மூடிக்கொண்டார். மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை.

மாடியில் குடியிருந்த சர்மிளா பௌதி (அண்ணியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) ஒரு நூலகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடுபவர். படிக்கட்டில் நின்றபடியே வழி சொன்னார். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டால் தாமாகப் பிரியும். முகத்தைத் தொடாமல், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, துணிமேல் மல்லாக்கப் போட வேண்டும். ரெண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் விட்டால் மேல்பூச்சு ஊறி வழுக்கிக்கொண்டு போய்விடும். பத்மநாபன் அப்படியே செய்தார். பழைய வேட்டிகளின்மேல் சித்தப்பாக்களும் மைத்துனிகளும் முணுமுணுத்துக்கொண்டே காய்ந்து அடங்கினார்கள். ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் மஞ்சள் சேலையில் கோமதி நிற்கும் படத்தை மட்டும் அவர் தண்ணீர்த் தட்டிலிருந்து எடுக்கவில்லை. மற்ற எல்லாப் படங்களிலும் அவள் கண்ணை மூடியிருந்தாள். அதோடு, அந்த வீட்டில் வேறு குரலும் இல்லை.

அவருக்கு அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் அவள் அவரை ‘ஏங்க’ என்றாள். பிறகு அக்கம்பக்கத்து வங்காளி மனைவிமார் கணவரைக் கூப்பிடும் ‘ஷுன்சோ’வை, அதாவது ‘கேக்குதா’வை, எடுத்துக்கொண்டாள். லீவுக்கு வந்த அவள் தங்கை மகள் மதுவந்தி அதுதான் அவர் பெயர் என்று நினைத்து, இன்றுவரை போனில் ‘ஷுன்சோ பெரியப்பா’ என்கிறாள். துறைமுக அலுவலகத்தில் அவர் ‘பொத்தோநாபோ’. ஓய்வுபெற்றபின் தெருவில் ‘தாதா’, அதாவது அண்ணன், இப்போது அங்கிள். தன் பெயரைத் தன் மனைவி வாயால் ஒருமுறை கேட்க வேண்டும் என்ற ஆசையை மணவாழ்க்கை முழுவதும் அவர் வெளியே சொன்னதில்லை. வெட்கம்.

ரெண்டு நாள் கெடு தாண்டிய பின்னும் கோமதி பேசிக்கொண்டிருந்தாள். ரசத்துக்குப் புளி போதாது என்றாள். மின்சாரம் வந்ததும், பௌதியின் யோசனைப்படி, கரையாமலிருக்கப் படத்தை ஃப்ரீசரில் வைத்தபோது அவள் பற்கள் கிடுகிடுத்தன. அவர் உடனே எடுத்துவிட்டார். முதலில் ஏரி கரைந்தது. அப்புறம் சேலைக் கரை, இடது கை. தட்டுத் தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

தோள் கரையத் தொடங்கிய காலையில் அவளே சொன்னாள்: “எடுத்துக் காயப் போடுங்க. முகமாவது மிஞ்சட்டும்.”

“காஞ்சா முகம் பேசாதில்ல!”

“நான் பேசுன காலத்துல பேப்பரத்தான படிச்சீய?”

பத்மநாபன் படத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வேட்டிமேல் மல்லாக்கப் படுக்கவைத்தார். ஃபேனை மெதுவாக ஓடவிட்டார். படம் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காய்ந்தது. மல்லி கெட்டுப்போயிருக்கும், வெயிலில் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த கோமதியின் குரல் மெலிந்துகொண்டே போனது. நெற்றி காய்ந்தது, கன்னம் காய்ந்தது. உதட்டருகில் மட்டும் இன்னும் ஈரம் பளபளத்தது.

பத்மநாபன் தரையில் மண்டியிட்டுக் குனிந்தார்.

“கோமதி, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு.”