வெளியே போயிருந்தேன்

"பாத்தீங்களா? இவரும் வெளியதான் போயிருந்தாராம்."

பேட்டி முடிந்து வேனில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டதும் அவள் கணவரிடம் சொன்னாள்.

"எங்கயாம்?"

"மருந்து வாங்க. போன வாரம் பாத்தவர் மோட்டார நிறுத்தப் போயிருந்தார். கடிகாரக் கடைக்காரர் காபி வாங்க. பொண்டாட்டி உயிர் போற நேரத்துல ஒருத்தர்கூட அறையில இல்லங்க."

"அப்போ நகராம உக்காந்திருந்தா பொழச்சிருப்பாங்களோ?"

அவள் சிரித்த சிரிப்பில் பை மடியிலிருந்து நழுவியது.

"எங்க காலேஜ் மேடம் காதுல விழுந்தா உங்கள வகுப்புப் பக்கமே விடமாட்டாங்க. ஆம்புலன்ஸ் நிக்கிற வீட்டுல எல்லாம் நோயாளி இருக்காங்க. அதுக்காக ஆம்புலன்ஸ்தான் நோயக் கொண்டுவந்து எறக்குதுன்னு சொல்லுவீங்களா? ரெண்டு விஷயம் சேர்ந்து வந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆயிடாது. முதல் பாடமே அதுதான்."

"சரிங்க மேடம்," என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.

அன்றைக்கு அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரருக்குப் புரியாத கணக்கா அது? இன்றைக்குத்தான் புரியவில்லை. குளியலறைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணை மூடப் பயந்துகொண்டு நின்றார்.

"இருக்கியா?"

"இருக்கேன். எங்க போகப் போறேன்?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. நேற்றைவிடத் தேய்ந்த குரல்.

"பேசிக்கிட்டே இரு."

"என்ன பேச? கதவச் சாத்துங்க. பொண்ணு வந்துடப் போறா, மானம் போயிடும்."

மானம் போனால் போகட்டும் என்று இருந்தது அவருக்கு. அரைகுறையாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு துண்டோடு ஓடி வந்து கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்த கையோடு அவர் மனைவி முதுகலை சமூகவியல் சேர்ந்திருந்தாள். வகுப்பில் பாதிப் பேர் அவளை ஆன்ட்டி என்றார்கள். ஆய்வு முறைகள் என்ற பாடம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. மனைவியை இழந்த ஆண்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்பதைத் தன் ஆய்வாக எடுத்துக்கொண்டாள். கேள்விகளை முதலில் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டுமாம். கிடைத்தவர் வீட்டுக்காரர்தான். அன்றிலிருந்து அவருக்கு வெள்ளோட்டம் என்று பெயர். "வெள்ளோட்டம், சாப்பிட வாங்க" என்றால்தான் வருவார்.

கேட்ட பேட்டிகளை எழுதிவைத்து, ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரத்தில் சின்னதாக ஒரு தலைப்புப் போடுவாள். 'சமையல் பழகினேன்', 'டிவி ஓடிக்கொண்டே இருக்கும்' என்று. எல்லாருடைய பேச்சிலும் தவறாமல் வந்த தலைப்பு ஒன்றுதான்: 'வெளியே போயிருந்தேன்.' அதை அவருக்குப் படித்துக் காட்டிய வாரத்தில்தான் வயிற்று வலி என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், அப்படியே மூடினார்கள், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள்.

வந்ததிலிருந்து அவர் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு நாற்காலியில். தூக்கமும் நாற்காலியில், அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி. வேன் சாவியைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்தாகிவிட்டது. அவள் மூச்சு நடுவில் ஒரு நொடி நின்றால் அவர் மூச்சும் நின்றது. மறுபடி அவள் நெஞ்சு ஏறும்வரை இவர் இழுக்கவில்லை.

அதைவிட அவர் பயந்தது ஒன்று இருந்தது. அவள் எதையோ கேட்க நினைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஒண்ணு..." என்று ஆரம்பிப்பாள். உடனே அவர் தலையணையைச் சரி செய்வார், பால் சூடு ஆறிவிட்டது என்பார், பெண்ணைக் கூப்பிடுவார். என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

"அப்பா, கொஞ்சம் வெளிய வந்து காத்து வாங்குங்களேன். நான் இருக்கேன்ல?" மகள் வாசலில் நின்று கெஞ்சினாள்.

"இங்கயே காத்து நல்லாத்தான் வருது."

"ஃபேன் காத்துப்பா அது."

"எந்தக் காத்தா இருந்தா என்ன? போய் வேலையப் பாரு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அது அவளுடைய கடைசி நாள் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலையில் வந்த நர்ஸ் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் மகளோடு தாழ்ந்த குரலில் பேசியதை அவர் பார்த்திருந்தார்.

மதியம் கடிகாரக் கடைக்காரர் வந்தார். பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர். கேள்விப்பட்டு வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"எப்படிம்மா இருக்கே?"

"முக்காவாசி போயாச்சுண்ணா."

"சும்மா இரு," என்றார் கணவர்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகத் தலையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். மகள் இன்னொரு தலையணை வைத்தாள். பேட்டிக்கு உட்காரும்போது இருக்கும் முகம் அவளுக்கு எப்படியோ வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கணவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டார்.

"அண்ணா, அன்னிக்கு ஒரு கேள்வி கேக்காம விட்டுட்டேன். எல்லார்கிட்டயும்தான். அது என் தப்பு. இப்போ கேக்கட்டுமா? இஷ்டம் இல்லன்னா சொல்ல வேணாம்."

"கேளும்மா."

"இந்த நேரத்துல எதுக்கு அதெல்லாம்?" என்றார் கணவர். "அவருக்கும் சங்கடம். நீ படு."

"காபி வாங்கப் போனேன்னு சொன்னீங்களே. நீங்களா போனீங்களா, அவங்க போகச் சொன்னாங்களா?"

கடிகாரக்காரர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். அவள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கேட்டபின் வாயை மூடிக்கொள், எதிரில் இருப்பவரின் மௌனத்தைக் கெடுக்காதே என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். வீட்டிலும் அவள் அப்படித்தான் காத்திருந்து காத்திருந்து கணவரிடமிருந்து எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கணவருக்கு எழுந்து அந்த மனிதரின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

"அவதான் சொன்னா," என்றார் கடிகாரக்காரர்.

அவள் காத்திருந்தாள்.

"பிளாஸ்க்ல காபி இருந்துச்சும்மா. அவ தலைமாட்டுலயேதான் இருந்துச்சு. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 'காபி வாங்கிட்டு வாங்களேன்'னு சொன்னா."

"போனீங்க."

"கேட்டுட்டாளே. நான் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தா அவளால எப்படிம்மா கெளம்ப முடியும்?" சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். "இத நீ அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் போகும்போது கணவரின் தோளைத் தொட்டார். கணவர் நிமிரவில்லை. மகள் அவரை வழியனுப்பப் போனாள்.

அறையில் இருவர்தான். கணவர் பேச ஆரம்பித்தார்.

"அந்தத் தம்பி வண்டிய எப்படி ஓட்டுறானோ தெரியல. கிளட்ச்சுல கால வெச்சுக்கிட்டே ஓட்டுவான். நாளைக்குச் சொல்லணும். மழை வேற வர்ற மாதிரி இருக்கு. வைப்பர் போன மாசமே தேஞ்சுபோச்சு. உனக்குக் குளிருதா? போர்வையப் போத்திவிடவா? உங்க மேடம்கூட போன் பண்ணாங்க, நீ நல்லானதும் வந்து மிச்சத்த முடிக்கலாம்னாங்க. நான் கூட்டிட்டுப் போறேன். யார் வீட்டுக்குன்னாலும்..."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்கிடவில்லை. கோபமும் இல்லை. அவருக்குப் பேச்சு தீர்ந்துகொண்டே வந்தது. ஜன்னலில் எதையோ பார்த்து ஏதோ சொன்னார். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அவள் இன்னும் காத்திருந்தாள்.

"வேணாம்," என்றார் அவர். "கேக்காத."

"காபி, மருந்துன்னு உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரலங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவளுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "அதான் நேராவே கேக்கறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுலேர்ந்து கேக்கணும்னு பாக்கறேன், நீங்க விடவே இல்ல."

அவர் அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வலித்திருக்கும். அவள் மற்றக் கையைத் தூக்கி அவர் விரல்கள் மேல் வைத்தாள். அவற்றைப் பிரிக்க அந்தக் கையில் பலம் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் வெளிய போய் உக்காருங்க."