மலை இல்லாத எபிசோடு

...ஆறாவது என்றுதானே சொன்னார் நூருல்லா, ஐந்தாவதா ஆறாவதா, ஆறாவதுதான், கடையில் தைத்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார், "ஆறாவது எபிசோடு அண்ணி, பாதிக்கு மேல அண்ணன் வருவாரு, கண்ண மூடாம பாருங்க" என்று. கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தான் கண்ணை மூடாமல் பார்க்கச் சொல்கிறார் மனுஷன். செங்கம் ரோட்டுக் காபி கடையில் வெள்ளைக்காரர்களுக்கு மிளகாய் போடாத குழம்பும் உப்பு போடாத காயும் ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் மறுபடி போவதற்குள் கிடைக்கிற இந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கென்று இருப்பது, இதில் தரையில் தலை சாய்த்தால் போதும், அப்படியே போய்விடுவேன். இன்றைக்குத் தூக்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, உள்ளே வரவில்லை. கைப்பேசியை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்தாயிற்று. இந்த வெப் சீரிஸை எப்படித் திறப்பது என்று சென்னையிலிருந்து ஓவியா சொல்லிக் கொடுத்தாள், நீயும் பாருடி, உங்கப்பா வர்றாரு என்றேன், "நீ பாத்துட்டு சொல்லும்மா, என்னால முடியாது" என்று வைத்துவிட்டாள். பெற்ற பெண்ணுக்கே அவ்வளவு பயம் என்றால் எனக்கு மட்டும் இல்லையா... இருக்கிறது... ஆனாலும் பார்க்காமல் முடியாது.

படத்தில் மண் பறக்கிறது. மழை நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டதாம், கடல்கூட வற்றிவிட்டதாம், மிச்சமிருக்கிற சனங்கள் எங்கேயோ ஒரு கிணற்றில் தண்ணீர் இருப்பதாகக் கேள்விப்பட்டு நடந்துகொண்டே இருக்கிறார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் இந்தக் கதாநாயகிக்குப் புருவம் திருத்திவிட்டது யாரோ... கன்னத்தில் கரி பூசியிருக்கிறார்கள், அதுவும் அளவாக, லட்சணம் கெடாமல். பின்னால் வருகிறவர்கள் போட்டிருக்கிற கந்தல் எல்லாம் நூருல்லா தைத்தது. புதுத்துணியில் தைக்கச் சொல்லி, தைத்ததும் கிழிக்கச் சொல்லி, கிழித்ததை டீத்தண்ணியில் ஊறப்போடச் சொன்னார்களாம். "நான் தைச்சத நானே கிழிச்சது இதான் மொத தடவ அண்ணி" என்று இன்னும் பொருமுகிறார். அவர்தான் ஓவியா அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார், சும்மா நடந்தா போதும்ணே, பிரியாணி தராங்க என்று. பிரியாணி என்றால் உலகம் அழிந்த பிறகும் போகிற ஆள், ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுப் போய்விட்டார். போன வருஷம் பங்குனி, தார் உருகுகிற வெயில். சாயங்காலம் அந்தக் கந்தலோடு, தலை முதல் கால் வரை செம்மண்ணோடு வாசலில் வந்து நின்றார், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, உலகம் அழிஞ்சா இதான் உங்க கோலமா என்று கேட்டேன். குளிக்காமல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருந்துச்சு எழிலு. அத்தினி பேரும் ஒண்ணா போறோம், அதுல ஒரு பயமும் இல்ல" என்றார். பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அங்கியே ஜாஸ்தியா துன்னுட்டேன், நீ துன்னு என்று என் பக்கம் தள்ளிவிட்டார், நானும் தின்றேன், எலும்பைக்கூட விடவில்லை.

தின்றது இருக்கட்டும், அதெல்லாம் பிறகு வந்த நினைப்பு, எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவருக்கு எப்போது தெரியும்... ஆவணியில் வேலூரில் டாக்டர் என் முகத்தைப் பார்த்து, இவர் வயிற்றில் இருப்பது என்ன, அது எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் குறுக்கே புகுந்து, "எனக்கும் இப்பத்தான் சார் தெரியும்" என்றார். யார் கேட்டார்கள் அவரை? டாக்டர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் சொன்னால் என்ன அர்த்தம்... அன்றைக்கு அது உறைக்கவில்லை, ஐப்பசியில் அவர் போய், காரியமெல்லாம் முடிந்து, ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. அதிலிருந்து பூண்டு உரிக்கும்போதெல்லாம் இதே கேள்வி. முன்னாலேயே தெரிந்து, எனக்குச் சொல்லாமல், மாசக்கணக்கில் ஒரே பாயில் படுத்து எழுந்தாரா, தனியாகவா பயந்துகொண்டிருந்தார், பக்கத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனா... அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன்.

அதனால்தான் இந்த எபிசோடு. சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது லைசென்சுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது, அதில் அவர் யாரோ மாதிரி இருக்கிறார். கைப்பேசியை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள், அவர் நடக்கிற மாதிரி, அசைகிற மாதிரி எங்களிடம் ஒன்றுமே இல்லை. இதில் நடக்கிறாராம். நடையைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை, சந்து முனையில் வரும்போதே இது யார் நடை என்று சொல்லிவிடுவேன், வலியை மறைத்து நடந்திருந்தால் அது என் கண்ணிலிருந்து தப்புமா... அன்று நேரில் தப்பியதே என்று கேட்காதே மனமே, அன்று நான் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பார்க்கப் போகிறேன்.

காற்று ஜன்னல் கதவைத் தள்ளுகிறது, ஆடிக் காற்று, கண் செருகுகிறது, இல்லை, தூங்கக் கூடாது... கூட்டம் ஒரு ரோட்டில் திரும்புகிறது, ஒரு புளியமரம், கல் பாலம், பாலத்துக் கட்டையில் யாரோ உடைத்துவிட்டுப் போன மூலை. எங்கேயோ பார்த்திருக்கிறேன். கனவில் நம் வீட்டுக்குள் நடந்துகொண்டே இது யார் வீடு என்று கேட்போமே, அது மாதிரி ஒரு மயக்கம். அடி அண்ணாமலை ரோடுதான் இது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்தில் கால் தேய நடந்த ரோடு, எனக்கா அடையாளம் தெரியவில்லை... ஏன் தெரியவில்லை என்று தேடித் தேடிப் பார்த்த பிறகுதான் பகீரென்றது. மலை இல்லை. மலையை எடுத்துவிட்டார்கள்! மரத்துக்கு மேலே மலை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வானம், சாம்பல் நிறத்தில், துடைத்து வைத்த மாதிரி. ஊர் பேர் தெரியாத பாலைவனம் என்று கதை, அதனால் கம்ப்யூட்டரில் அழித்திருப்பார்கள். கடல் வற்றியபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போதுதான் உலகம் அழிந்துவிட்டது என்று நம்பினேன். எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி. இருக்கிறது. கோயிலின் மேற்கே பே கோபுரத்துக்குப் பின்னால் எங்கள் சந்து, சந்தின் தலைமாட்டில் மலை, அதற்கு நேர் அந்தப் பக்கம் அடி அண்ணாமலை. அந்தப் பக்கம் சவாரி போனால் இவர் மலையைத்தான் திட்டுவார், "இந்த மலை மட்டும் குறுக்க இல்லன்னு வெய்யி, ஒரே முறுக்கு, நேரா நம்ம வாசல்ல வந்து நிப்பேன். இத்த சுத்திச் சுத்தியே பாதி டீசல் போவுது." சாமியை அப்படிச் சொல்லாதீங்க என்று நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன், அவருக்கும் சேர்த்து. ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டவர் இல்லை. கேட்டால், "நான் ஹேண்டில்பார விட்டா நீ பள்ளத்துல இருப்ப" என்பார்.

அந்தக் குணம்தான் அவரைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தியதாம், நூருல்லா சொன்னார். அந்தத் திருப்பத்தில் மலை முழுசாகத் தெரியும், அங்கே வந்ததும் நம் ஆட்கள் கால் தானாக நிற்கும், கை தானாக மேலே போகும், எத்தனை வருஷப் பழக்கம். கந்தல் கட்டிக்கொண்டு, தாகத்தில் சாகப்போகிற மாதிரி தள்ளாடி வந்தவர்கள் திருப்பத்துக்கு வந்ததும் வரிசையாகக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, டைரக்டர் மைக்கில் கத்தியிருக்கிறார், "உலகமே அழிஞ்சு போச்சு, யாரங்க கும்பிடுறீங்க?" மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் கும்பிட்டார்கள், வேண்டுமென்று செய்யவில்லை, பாவம், கும்பிட்ட பிறகுதான் கும்பிட்டோம் என்றே தெரிகிறது. கடைசியில், கும்பிடாத ஆள் யாராவது இருக்கீங்களா என்று கேட்டார்களாம். இவர் கையைத் தூக்கினாராம், ஸ்கூல் பிள்ளை மாதிரி, பெருமையாக. இவரை முன்னால் விட்டு மற்றவர்களைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். "அப்புறம்?" என்று கேட்டேன். நூருல்லா மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார், "நீங்களே பாருங்க அண்ணி, அந்த டேக்கத்தான் வெச்சிருக்காங்க" என்றார், முகத்தைக் காட்டவில்லை.

வருகிறார்... புழுதிக்குள்ளிருந்து முதலில் கால், இடது கால், லேசான இழுப்பு, அட, என் வீட்டுக்காரர். எத்தனை மாசம் ஆயிற்று இந்தக் காலைப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நடையையே பார்க்கிறேன், வலி தெரிகிறதா, தெரியவில்லை, நன்றாகத்தான் நடக்கிறார், அப்பாடா, அப்படியென்றால் பங்குனியில் ஒன்றும் தெரியாது, ஒன்றுமே தெரியாமல் பிரியாணிக்காகத்தான்... திருப்பம் வந்தது. நின்றார். பின்னால் வருகிறவர்கள் அவரை இடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிரிந்து போகிறார்கள், வாங்கிய திட்டுக்குத் தலையைக் குனிந்தபடியே, ஒருவரும் நிற்கவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி, அந்தச் சாம்பல் வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அவசரக் கும்பிடு இல்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை, இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்கிறார். உதடு அசைகிறதா... பின்னணி இசை போட்டு மூடிவிட்டார்கள். அதற்குள் கதாநாயகி வந்துவிட்டாள், புருவத்தோடு.

தெரிந்திருக்கிறது. பங்குனியிலேயே தெரிந்திருக்கிறது. பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன், மறுபடி, வேடியப்பன் என்கிற என் புருஷன் யாரும் நிற்காத கூட்டத்தில் தான் மட்டும் நிற்கிறார். அத்தனை பேரும் ஒன்றாகப் போகிறோம், பயமில்லை என்றாரே... பாவி மனுஷா, என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து பயந்திருப்பேனே. என்னிடம் சொல்லாததை அந்த மலையிடம் சொன்னாரா, இத்தனை வருஷம் டீசல் தின்கிறது என்று திட்டிய மலையிடமா... அழுகை வருகிறது, கோபமும் வருகிறது, இரண்டில் எது முதலில் என்று தெரியவில்லை. சாயங்காலக் கடைக்கு நேரமாகிவிட்டது, ஓவியாவுக்கு வேறு சொல்ல வேண்டும், என்னவென்று சொல்ல... இன்னும் ஒரே தரம் என்று தள்ளி, அவர் கைகூப்பிய இடத்தில் படத்தை நிறுத்திவைத்தேன். மரம், பாலம், அவர். எதிரே ஒன்றும் இல்லை. அன்றைக்கு மலை இருந்தது, எனக்குத் தெரியாதா, ஜன்னலுக்கு வெளியே இப்போதும் இருக்கிறது. ஆனால் இதில் குறுக்கே மலை இல்லை, அவர் பார்த்துக்கொண்டு நிற்கிற திசையில் நேராக வந்தால் எங்கள் வாசல்தான். அந்த நேரத்தில் நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்திருப்பேன், நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.