கேன்டீன் அக்காவின் மூன்று கொலைகள்

விரல் ரேகைப் பிரிவின் கேன்டீனை நடத்தும் அக்கா மூன்று கொலைகள் செய்தவர் என்ற செய்தி வந்தபோது, அந்தப் பிரிவே அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தது.

செய்தி வந்தது வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்து. அந்த நாட்டில் இருக்கும் அக்காவின் மகளுக்கு இது நிறைமாதம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தான். விசாவுக்காக அக்கா கண்ணாடித் தட்டில் விரலை வைத்தார். அவர்களுடைய கணினி நொடியில் கண்டுபிடித்துவிட்டது: கொலை மூன்று, நகைக்கடைக் கொள்ளை ஒன்று. தகவல் உதவி, நம்முடைய விரல் ரேகைப் பிரிவு. விசா கிடையாது.

“நகைக்கடையா?” என்றார் அக்கா. “எங்கிட்ட குண்டுமணித் தங்கம்கூட இல்லையே. கொள்ளையடிச்சு எங்க வெச்சேனாம்?”

ரேகை நிபுணர் பதிவைத் திறந்தார். அவர் அந்தப் பிரிவுக்கு வந்து பல வருடமாகிறது. தேதியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ரேகை பார்த்து ஆளைச் சொல்லும் புது இயந்திரத்தின் திறப்பு விழா நாள் அது.

அன்று அமைச்சர் முன்னால் இயந்திரத்தை ஓட்டிக்காட்ட இயக்குநருக்கு ஒரு விரல் தேவைப்பட்டது. அதிகாரிகள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். டீத்தட்டோடு நின்ற அக்காவால் கட்டிக்கொள்ள முடியவில்லை, மாட்டினார். வெறும் பெயர் வந்தால் அமைச்சர் அசருவாரா? கொலைகளையும் கொள்ளையையும் இயக்குநரே தட்டச்சு செய்தார். திரை சிவந்தது, அரங்கம் அதிர்ந்தது. விழா முடிந்ததும் மேடையைப் பிரித்தார்கள், விளக்குகளைக் கழற்றினார்கள். பதிவை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் பன்னாட்டு ஒத்துழைப்பு ஒப்பந்தம் வந்தது. அக்காவுக்கு முன்னாலேயே அவருடைய குற்றங்கள் வெளிநாடு போய்ச் சேர்ந்தன.

நிபுணர் அக்காவையும் கூட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். வேடிக்கை பார்க்க மற்றவர்களும் டீயோடு பின்னால் வந்தார்கள். ‘நம்ம இயந்திரம் நூத்துக்கு நூறு’ என்று போகிற இடமெல்லாம் பேசுவதால் இயக்குநரின் பட்டப்பெயரே நூத்துக்குநூறு.

“சார், இதை நீக்கிடலாமே,” என்றார் நிபுணர்.

“குற்றப் பதிவும்மா. கோர்ட்டு விடுதலை பண்ணாம நீக்க முடியாது.”

“கேஸே இல்லையே சார். எதிலிருந்து விடுதலை பண்ணுவாங்க?”

இயக்குநர் யோசித்தார். “அப்ப ஒரு கேஸ் போட்டுடலாம். பேருக்கு ஒரு கைது. ஆதாரம் இல்லைன்னு நாமளே சொல்லிடுவோம். சுத்தமா வெளிய வந்துடுவாங்க.”

“எவ்வளவு நேரம் பிடிக்கும் சார்?” என்று கேட்டார் அக்கா. “மதியச் சமையல் இருக்கு.”

“ரெண்டு மூணு வருஷம்.”

“அதுக்குள்ள என் பேரப்பிள்ளை தானே நடந்து வந்து என்னை ஜெயில்ல பார்த்துடும் சார்.”

இன்னொரு வழி இருப்பதாக நிபுணர் சொன்னார். பதிந்தவரே காரணம் எழுதித் திருத்தச் செய்தி அனுப்பினால் எல்லா நாடுகளும் நீக்கிவிடும்.

“இயந்திரக் கோளாறுன்னு போடு.”

“போட்டா, இது பிடிச்சுக் கொடுத்த அத்தனை பேரோட வக்கீலும் நாளைக்கே வாசல்ல நிப்பாங்க.”

“ஊழியர் தவறு?”

“எந்த ஊழியர்னு கேப்பாங்க சார்.”

இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார். டீயில் ஏதோ விழுந்துவிட்டதுபோல ஆளாளுக்குத் தம்ளருக்குள் குனிந்தார்கள்.

“எம்பேரைப் போட்டுக்குங்க சார்,” என்றார் அக்கா. “நாந்தான் தெரியாம விரலை வெச்சுட்டேன்னு. அவ அங்க தனியா கெடக்குறா. வலி வந்தா கதவைத் திறந்துவிடக்கூட ஆளில்லை.”

குத்திக்காட்டியிருந்தால் இயக்குநர் தாங்கியிருப்பார். அக்கா மனதார அல்லவா சொன்னார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். ‘விருந்தினரை அசத்துவதற்காக நான் கற்பனையாகப் பதிந்த குற்றங்கள்.’ அதில் ‘நான்’ என்ற சொல்லை அடிக்கத்தான் நேரம் பிடித்தது.

சாயங்காலமே பதில் வந்தது. ‘நீக்கிவிட்டோம். விசா வழங்கப்படும். உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். நாங்கள் உங்களுக்கு அனுப்பிய பட்டியலில் ஒரு கடற்கொள்ளைக்காரர் இருப்பார். அவர் எங்கள் அலுவலகத் தோட்டக்காரர். எங்கள் விழாவும் சிறப்பாகவே நடந்தது.’

இயக்குநர் கடற்கொள்ளைக்காரருக்கு விடுதலை கொடுத்தார். பன்னாட்டு ஒத்துழைப்பில் அன்றைக்குத்தான் அவருக்கு முழு நம்பிக்கை வந்தது.

அக்கா மகளுக்குப் போன் போட்டார். “நான் கொலைகாரி இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்கடி.”

“யாரும்மா? சரி, அதை விடு. எப்ப வர்றே?”

“விசா கைக்கு வந்ததும் கிளம்பிடறேன். அதுவரைக்கும் கதவைத் தாழ்ப்பாள் போடாம படு.”