மாங்குயில் இல்லாத படம்

அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் பின்கால் ஈர மண்ணில் இறங்கிக்கொண்டே போனது. தம்பி ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து அடியில் கொடுத்தான்.

"நான் விழுந்தா விழறேன். நீ மொதல்ல கேமராவைப் பிடி," என்றாள் அக்கா.

"ரெண்டையும் பிடிக்கத்தானே கூட வந்திருக்கேன்."

மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போக ஆசை என்று தம்பி கேட்டதற்கு, ஆற்றங்கரைக் காடு என்று அவள் யோசிக்காமல் சொன்னாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, விடுமுறை என்றால் அவளைத் தேடவேண்டிய இடம் இதுதான். இங்குள்ள மீன்கொத்தி, நீர்க்காகம், மரங்கொத்தி எல்லாம் அவள் கேமராவுக்குள் வந்துபோனவை. மஞ்சள் நிற மாங்குயில் மட்டும் டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தது. வசந்தத்தில் வரும், உச்சிக் கிளையில் இலைக்குள் உட்கார்ந்து கூப்பிடும், முகம் காட்டாது.

பறவைப் படம் எடுப்பவர்களின் சங்கத்தில் மற்ற எல்லோரிடமும் மாங்குயில் படம் இருந்தது. பதிவு செய்த மாங்குயில் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டால் போதும். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் பறவை நுழைந்துவிட்டதென்று அது பதறிக்கொண்டு வெளியே வரும். அக்கா அதற்கு ஒத்துக்கொண்டதே இல்லை. "கூடு கட்டுற நேரத்துல அதுக்கு வேற வேலை இல்லையா? பொய்த் தந்தி அடிச்சு ஆளை வரவழைக்கிற மாதிரி இருக்கு," என்பாள். சங்கத்தில் அவளுக்குக் 'கறார் மேடம்' என்று பட்டப்பெயர்.

இன்று கிளம்பும்போது சங்கத் தலைவர் தொப்பிக்காரர் அந்தக் குரலைத் தம்பியின் கைபேசிக்கு அனுப்பியிருந்தார். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் என்று கூடவே எழுதியிருந்தார்.

தலைக்கு நேர் மேலே குரல் கேட்டது. அக்கா கேமராவைத் தூக்கினாள், கை நடுங்கியது. தம்பி மண்டியிட்டு அவள் முழங்கைக்குக் கீழே தோளைக் கொடுத்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், பாரம் தாங்குவது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தக் கையில் கனமே இல்லை.

இலைகள் அசைந்தன. பறவை தெரியவில்லை. அவளுக்கு மூச்சு வாங்குவது அவன் தோளிலேயே தெரிந்தது. பாழும் மனசு கேட்கவில்லை. கைபேசியை எடுத்தான். ஒரு தடவை தொட்டால் இத்தனை வருட ஆசை கண்முன் வந்து உட்காரும்.

"உள்ள வைடா," என்றாள் அக்கா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னைக்கு மட்டும்தானேக்கா."

"எனக்குத்தான் இன்னைக்கு மட்டும். அதுக்கு இல்ல."

அவன் உள்ளே வைத்தான். மேலே குரல் தொடர்ந்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் குரல் வந்த திசையில் ஒரே ஒரு தடவை பொத்தானை அழுத்திவிட்டு, "போலாம்," என்றாள்.

வீடு திரும்பிப் படுத்தவள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

அஞ்சலிக் கூடத்தில் அவளுடைய படங்களை மாட்டிக்கொண்டிருந்தபோது தொப்பிக்காரர் தம்பியை ஓரமாக அழைத்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட மாங்குயில் படம்.

"நான் எடுத்தது. அவங்க படத்தோட இதையும் மாட்டிடுங்க தம்பி. யாரும் கேக்கப்போறதில்ல. அந்தக் குறை இல்லாம போகட்டும்." அவர் கண் கலங்கியிருந்தது.

நல்ல மனசு. படமும் அருமையான படம்தான். மஞ்சள் அப்படியே பளீரென்றிருந்தது. தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அக்கா எடுத்ததே இருக்கு சார்."

"கெடைச்சிருச்சா?"

காலையில் ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு வாங்கிய படத்தைத் தம்பி உறையிலிருந்து எடுத்தான். வெயில் பட்ட இளம் இலைகள், அவ்வளவுதான். கொஞ்சம் அசங்கியும் இருந்தது. தொப்பிக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலைக்கு மூலை தேடினார்.

"இதுல எங்க இருக்கு?"

"உள்ளதான் இருக்கு. கூப்பிட்டுட்டு இருந்துச்சு. நாங்க தொந்தரவு பண்ணல."

இப்படி ஒருத்திக்குத் தம்பியாகப் பிறந்ததில் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நடுச்சுவரில் இடம் காலியாக இருந்தது. தம்பி படத்தைத் தூக்கினான். தொப்பிக்காரர் தன் படத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பக்கம் கொஞ்சம் ஏத்துங்க," என்றார்.