காலரில் மாட்டிய குழாய்

எட்டு மணி நேரம். அதுவரை அந்தப் பம்ப் தங்கமணியின் இடுப்பைவிட்டு இறங்கக் கூடாது.

குணபூசணி இதைத்தான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். மேரு என்ற ஊரிலுள்ள அந்தச் செருப்புத் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வேதியியல் பட்டதாரி என்பதால் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பதுதான் அவளுக்கு வராது.

பசை ஒட்டும் அறையில் காற்றை வெளியே தள்ளும் காற்றாடி ஆறு மாதமாகச் சுற்றவில்லை. பசையிலிருந்து எழும் டோலுயீன் ஆவியால், அங்கே வேலை செய்யும் தங்கமணிக்குத் தினமும் தலைவலி. மேனேஜர் விஜயனுக்கோ ஒரே பதில்தான்.

"நம்பர் காட்டுங்க மிஸ், காத்தாடி போடறேன்."

வரம்பு ஐம்பது பிபிஎம். அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஐம்பது பங்கு ஆவி. அதுவும் எட்டு மணி நேரச் சராசரி. அதை அளக்கத்தான் ஒரே ஒரு நாளைக்கு இந்தப் பம்ப் இரவல் கிடைத்திருந்தது. பம்ப் இடுப்பில்; அதிலிருந்து மேலேறும் ரப்பர் குழாயின் முனையிலுள்ள, கரித்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் காலரில். மூக்குக்குப் பக்கத்துக் காற்றை அது உறிஞ்ச, ஆவி கரித்தூளில் தங்கிவிடும்.

தங்கமணி குனிந்து காலரைப் பார்த்தாள். "டிவில நியூஸ் வாசிக்கிற பொம்பள மாதிரி மைக் மாட்டி விட்டுட்டீங்களே மிஸ்!"

குணபூசணி சிரித்துவிட்டு நகர்ந்தாள். அப்போதே விளக்கியிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு வந்து பார்த்தால் தங்கமணிக்கு முன்னால் ஒரு வரிசை. "நம்ம பாஸ் தங்கமான மனுஷன், சிரிக்கத்தான் தெரியாது" என்று அவள் தன் காலரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்து, கூட வேலை செய்யும் கன்னையா குனிந்தான்.

"பாஸ், கன்னையா பேசறேன். டாய்லெட்டுக்குத் தாப்பா இல்ல. ஒரு கையால கதவப் புடிச்சிக்கிட்டே உக்கார வேண்டியிருக்கு. நன்றி."

"தள்ளிப் பேசுண்ணே!" என்றாள் தங்கமணி. "காலைலயே பெத்தாய்க் கொட்டைய தின்னுட்டு வந்திருக்க. நாத்தமும் சேர்ந்து ரெக்கார்டு ஆயிடப் போவுது."

அது மட்டும்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள் குணபூசணி. "அக்கா, இது வந்து..." என்று தொடங்குவதற்குள் விஜயன் உள்ளே வந்துவிட்டார்.

"என்னா கூட்டம் இங்க?"

"நீங்களும் பேசுங்க பாஸ்," என்றாள் தங்கமணி. "எல்லாம் இதுல ஏறுது. கவர்மெண்டுக்குப் போவும்லா!"

பம்ப் இரவல் கேட்ட கடிதத்தில் விஜயன் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். இப்போது முகம் வெளுத்தது. "மிஸ், இது தொழிலாளர் பாதுகாப்புக்கு வந்திருக்கே, அந்தப் புதுச் சட்டத்துக்கா?"

"ஆமா, பாஸ்." அது உண்மைதான். மிச்ச உண்மையை விட்டுவிட்டு, அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

விஜயன் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, காலரை நோக்கி மரியாதையாகக் குனிந்தார். "வணக்கம். இங்க வேல செய்றவங்க எல்லாம் என் குடும்பம். இந்த ரூமுக்குக் காத்தாடி இன்னைக்கே வருது." உடனே உதவியாளைக் கூப்பிட்டார். "வாசு! என் ஆபீஸ்ல சிகரெட் புகைக்குப் போட்ட காத்தாடிய கழட்டிக் கொண்டா!"

இப்போது சொன்னால் காற்றாடி வராது. இதில் பேச்சு பதியுமா என்று யாரும் இன்னும் கேட்கவில்லையே என்று குணபூசணி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டு மணிக்குக் காற்றாடி சுற்றியது. சுற்றியதும்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இனி வரும் நல்ல காற்று சராசரியை இறக்கிவிட்டால், காற்றாடி தேவையில்லை என்பதற்கு அந்த எண்ணே சாட்சியாகிவிடும். காலைக் காற்றுக்குத் தனி எண் இருக்கட்டும் என்று, பம்பை நிறுத்தாமல், காலையிலிருந்து மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயைக் கழற்றி மூடி, புதியதை மாட்டினாள்.

"கேசட் மாத்தறீங்களா மிஸ்?" என்றாள் தங்கமணி.

குணபூசணி இருமினாள்.

நான்கு மணிக்குப் பம்பை நிறுத்தினாள். கன்னையாவின் புகாரைக் கேள்விப்பட்டு விஜயன் காத்திருந்தார். "மிஸ், அந்த டாய்லெட் கதைய அழிச்சிடுங்க. நான் பேசினத மட்டும் போடுங்க, கேப்போம்."

"என்னோடதையும் போடுங்க மிஸ்," என்றான் கன்னையா. "என் குரல் எப்படின்னு நானே கேட்டதில்ல."

எல்லோரும் அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்தார்கள். குணபூசணி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். காற்றாடியைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. பையில் காலைக் குழாய் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுக்கொண்டாள். பிறகு அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இதுல பேச்சு பதியாது, பாஸ். இது காத்து இழுக்கிற பம்ப்."