கர்டிஸ் வீட்டுக்கு வா

குச்சியின் நுனியிலிருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தம்பியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஆர்லீன் கவனித்தாள். வெண்டலின் நெஞ்சு அசையவில்லை.

பஞ்சைப் பிடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. ஒன்று, இரண்டு என்று தன்னையறியாமல் எண்ணினாள். பதினொன்றில் அவன் நெஞ்சைத் தூக்கிப்போட்டது. தொண்டை கரகரக்க மூச்சு திரும்பி வந்தது.

மூச்சில் இடைவெளி விழ ஆரம்பித்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம், வர வேண்டியவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று, சாகப்போகிறவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் நர்ஸ் சொல்லியிருந்தாள். அது திங்கள், செவ்வாய் வரை ஆகாது என்றும் அவள்தான் சொன்னாள். இன்று ஞாயிறு. மணி பத்து பன்னிரண்டு.

கட்டிலுக்கு எதிரே இருந்த டேப்லெட்டில் சபை பாடிக்கொண்டிருந்தது. வெண்டல் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஆராதனையை இதில்தான் பார்க்கிறான். கேமரா கோயிலின் பின்சுவரில் இருந்ததால் முதுகுகளும் பின்மண்டைகளும்தான் தெரிந்தன. இரண்டாவது பெஞ்சில் சிவப்பு ஸ்வெட்டரும் வழுக்கையுமாக இருந்தவர் கர்டிஸ், வெண்டலின் கணவர். முப்பத்தொரு வருஷமாக ஒன்றாக வாழ்கிறார்கள். ஆர்லீன் யாருக்காவது அவரைச் சொல்ல நேர்ந்தால் "தம்பியோட சிநேகிதர்" என்பாள்.

அவர் போக மாட்டேன் என்றுதான் சொன்னார். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அதற்கான ரொட்டியைப் பதினாறு வருஷமாக அவர்தான் சுட்டுக் கொண்டுபோகிறார். இன்றும் விடியற்காலையிலேயே சுட்டு வைத்துவிட்டு, வேறு யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறேன் என்று வாசலில் நின்றார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

"நீங்க போங்க, நான் இருக்கேன்ல?" என்று ஆர்லீன்தான் தள்ளினாள்.

"ஏதாச்சும்னா கூப்பிடுவீங்கள்ல?"

"கூப்பிடாம?"

அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு போனார்.

அந்தப் பார்வை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் அவர்களுடைய அம்மா செத்தபோது, பத்திரிகையில் போட்ட மரண அறிவிப்பை ஆர்லீன்தான் எழுதினாள். மகள், மகன், பேரப்பிள்ளைகள், ஏன், பூனையின் பெயர்கூட இருந்தது. இரண்டு வருஷம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துச் சூப் ஊட்டிய கர்டிஸின் பெயர் இல்லை. அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது தம்பிக்கு ஃபோன் செய்து, "நீ மட்டும் வா" என்று சொன்னவளும் அவள்தான். அடுத்த வருஷம் சபை ஓட்டெடுப்பு நடத்தி, யாராக இருந்தாலும் இங்கே இடமுண்டு, எந்த இருவருக்கும் இங்கே கல்யாணம் நடக்கும் என்று முடிவெடுத்தது. முப்பது குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி நெடுஞ்சாலையோரம் தகரக் கட்டிடத்தில் தனிச் சபை தொடங்கின. அந்த முப்பதில் ஆர்லீன் வீடும் ஒன்று. அப்புறம் இந்த வாசலை அவள் மிதித்தது எட்டு நாளைக்கு முன்தான்.

மறுபடி இடைவெளி. இந்த முறை பதினாலு.

அவள் தன் ஃபோனை எடுத்து கர்டிஸின் எண்ணை அழுத்தினாள். சமையலறையில் மணி அடித்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. எட்டிப் பார்த்தபோது, மாவு படிந்த மேடையில், தராசுக்குப் பக்கத்தில் கர்டிஸின் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கு நேரம் வைத்துவிட்டு அப்படியே மறந்து போயிருக்கிறார். அவரிடம்தானே சொன்னாள், கூப்பிடுவேன் என்று? யார் நம்புவார்கள்? "பாத்தியா, மறுபடியும் செஞ்சுட்டா" என்றுதானே சொல்வார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. காலையில் அவரை அவ்வளவு ஆசையாகத் தள்ளிவிட்டது எதற்கு? கடைசி நேரம் தம்பி தனக்கு மட்டும் வேண்டும் என்றா? அவளுக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கூடாது என்று வெண்டல் எழுதிக் கொடுத்திருக்கிறான். பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் அந்தச் சபையில்தான் இருக்கிறார்கள். கோயில் அலுவலக எண்ணுக்கு அடித்தாள். மூன்று முறை மணி அடித்த பிறகு எடுத்தது பதிவு இயந்திரம்.

"வணக்கம்! மெதடிஸ்ட் சபைக்குக் கூப்பிட்டிருக்கீங்க. நீங்க யாரா இருந்தாலும், யாரோட வாழ்ந்தாலும், விசுவாசத்தோட வந்தாலும் சந்தேகத்தோட வந்தாலும், உங்களுக்கு இங்க ஒரு இடம் இருக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணி. காபி சுமாராத்தான் இருக்கும், அதுக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க."

வெண்டலின் குரல். நோய் வருவதற்கு முன் பதிந்தது. ஒரு காதில் அந்தக் கணீர்க் குரலும் மறு காதில் தொண்டைக் கரகரப்பும் கேட்க, ஆர்லீன் பயந்துபோய் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டாள்.

கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். அவள் முட்டிக்கு, இந்தப் பனியில், பத்து நிமிடம். போக வேண்டியதுதான் என்று எழுந்து ஒரு பூட்ஸில் காலையும் நுழைத்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் சத்தம் நின்றது. எண்ணினாள். இருபதைத் தாண்டியது. ஒற்றைப் பூட்ஸோடு நொண்டி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருடா வெண்டல், நான் எங்கயும் போகலடா," என்றாள். மூச்சு வந்தது. இனி இந்தக் கையை விட முடியாது என்று தெரிந்துபோயிற்று. போனால் அவன் தனியாகச் சாவான். போகாவிட்டால் கர்டிஸ் இல்லாமல் சாவான்.

திரையில் பாட்டு முடிந்திருந்தது. பாஸ்டர் ரெனே படியிறங்கி வந்து, "சந்தோஷங்களையும் பாரங்களையும் சொல்லுங்க," என்றாள். ஒவ்வொருவராக எழுந்து வீட்டு விஷயத்தைச் சபையில் சொல்லும் நேரம் அது. இரண்டு பெண்கள் நடுவில் ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்த தன் துணையைக் காட்டிச் சொன்னாள்.

"எங்க மகனுக்குப் பல்லு மொளச்சிருக்கு. ஜோவோட விரல்லதான் முதல்ல சோதிச்சுப் பாத்தான்."

சிரிப்பு. ஒரு கிழவருக்கு இடுப்பில் ஆபரேஷன். எல்லோரும் சேர்ந்து, "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்," என்றார்கள். பிறகு சிவப்பு ஸ்வெட்டர் எழுந்தது.

"வெண்டல் ராத்திரி நல்லாத் தூங்கினான்," என்றார் கர்டிஸ். "நர்ஸ் இன்னும் ரெண்டு நாள்ங்கிறாங்க. அவங்க அக்கா பக்கத்துல இருக்காங்க. அந்தத் தைரியத்துலதான் வந்தேன். ஆர்லீனுக்காகவும் ஜெபம் பண்ணுங்க."

சபை ஒரு நொடி சும்மா இருந்தது. அந்த ஒரு நொடியில் எத்தனை பேர் எதை நினைத்தார்கள் என்று ஆர்லீனுக்குக் கேட்காமலே கேட்டது. அப்புறம்தான் "எங்கள் ஜெபத்தைக் கேளும்" வந்தது. அவளுக்கு முகம் எரிந்தது.

கேமராவைப் பார்த்துக்கொள்ளும் மெர்ல் என்பவரின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "வீட்டுல இருந்து பாக்குறவங்க கீழ எழுதுங்கப்பா, நான் படிக்கிறேன்."

கீழே! ஆர்லீன் இடது கையால் வெண்டலைப் பிடித்துக்கொண்டே வலது கையை நீட்டி டேப்லெட்டை இழுத்தாள். திரையில் தொட்டதும் எழுத்துகள் எழுந்து வந்தன. ஒற்றை விரல்தான். நீட்டி முழக்க நேரமில்லை. 'கர்டிஸ் வீட்டுக்கு வா' என்று மட்டும் அடித்து அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பார்த்தாள், மேலே யாருடைய பெயர் இருக்கிறது என்று. டேப்லெட் வெண்டலுடையது.

திரையில் தெரிவது கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்று கர்டிஸ் சொல்லியிருந்தார். யாரோ மருமகளின் வேலைக்காக ஜெபம் கேட்டுக்கொண்டிருந்தாள். செய்தி போனதா, போகவில்லையா? வெண்டலின் மூச்சு இருபத்தாறு எண்ணும்வரை வரவில்லை.

"அட, அட! யாருன்னு பாருங்க!" மெர்ல் கூவினார். "நம்ம வெண்டல்! 'கர்டிஸ் வீட்டுக்கு வா'ன்னு எழுதியிருக்கான்!"

கோயிலே கொல்லென்று சிரித்தது. கைதட்டினார்கள். "ஆள் தேறிட்டான்பா!" என்று ஒரு குரல். பாஸ்டர் ரெனே இடுப்பில் கைவைத்துக் கேமராவைப் பார்த்து, "வெண்டல், கொஞ்சம் பொறு. ரொட்டியைப் பிட்டுக் குடுத்துட்டு உன் ஆளை அனுப்பி வைக்கிறோம்," என்றாள். மறுபடியும் சிரிப்பு.

"சிரிக்காதீங்க," என்று ஆர்லீன் திரையைப் பார்த்துக் கத்தினாள். "ஐயோ, சிரிக்காதீங்களேன்!"

சிவப்பு ஸ்வெட்டர் சிரிக்கவில்லை. மூன்று நாளாக வெண்டல் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். கர்டிஸ் எழுந்தார். பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. கோட்டை எடுக்கவில்லை. நடுப்பாதையில் கேமராவை நோக்கி வந்தார், வர வர முகம் பெரிதாகி, திரையை அடைத்து, கீழே நழுவி மறைந்தது. அந்த முகத்தைப் பார்த்தவர்களெல்லாம் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"வர்றார்டா," என்றாள் ஆர்லீன். "கிளம்பிட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி. என் கண்ணுல்ல?"

வெண்டல் ஒரு மூச்சு விட்டான். சாதாரணமான, சின்ன மூச்சு. கரகரப்புகூட இல்லை.

அவள் எண்ணினாள். முப்பது. நாற்பது. நிச்சயம் வரும் என்று அறுபது வரை நம்பினாள். நூறுக்குப் பிறகு எண்ணிக்கை தவறிப்போயிற்று. கடிகாரம் பத்து இருபத்தாறு காட்டியது. "ஒண்ணே ஒண்ணுடா," என்று கெஞ்சினாள். "அவருக்காக ஒண்ணே ஒண்ணு." கை சில்லிட்டுவிடக் கூடாது என்று இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். செத்தவனின் கையைத் தேய்க்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு வரவேயில்லை. அவர் வந்து கேட்கப்போகிறார், என்ன சொல்ல என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

வராந்தாப் படியில் யாரோ வழுக்கி விழுந்து எழுந்த சத்தம். கதவு திறந்தது. கர்டிஸ் நின்றார், முழங்காலெல்லாம் பனி, வாய் திறந்து மூச்சு வாங்க.

"இருக்கானா?"

ஃபோன் மேடைமேல் இருந்ததையும், அவள் அடித்ததையும், பூட்ஸ் போட்டதையும் சொல்ல எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"இங்க வந்து உக்காருங்க," என்றாள். எழுந்து நாற்காலியை விட்டாள். வெண்டலின் கையை எடுத்து அவர் கைக்குள் வைத்தாள். "கையைப் பிடிச்சுக்குங்க. விட்டு விட்டுத்தான் வருது. ரொம்ப நேரம் ஆகுது வர. பொறுங்க."

கர்டிஸ் பொறுத்தார். அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டேன்டா," என்றார். "எல்லாரும் என்னமாச் சிரிச்சாங்க தெரியுமா? மெர்ல் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். ரொட்டி நல்லா வந்திருக்குடா. அடி மட்டும் லேசாத் தீஞ்சுபோச்சு. நீ இருந்தா அதைத்தான் முதல்ல சொல்லுவே."

ஆர்லீன் அவருக்குப் பின்னால், கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். அவர் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். அவர் அடுப்பைப் பற்றிப் பேசினார், வாசலில் பனி வாராதது பற்றிப் பேசினார், நடுநடுவே நிறுத்தி மூச்சு வருகிறதா என்று பார்த்தார். அவள் ஒவ்வொரு முறையும் அவரோடு சேர்ந்து பார்த்தாள். டேப்லெட்டை எப்போது அணைத்தாள் என்பது அவளுக்கு ஞாபகமில்லை.

ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே அவர் கேட்டார்.

"போயிட்டானா?"

"இப்பதான்."

"நான் வந்தப்புறமா?"

"ம்."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆர்லீன் அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தொட்டாள்.

நர்ஸுக்கு அவள்தான் ஃபோன் செய்தாள். அதே அறையில், ஜன்னலோரமாக நின்று. நர்ஸ் வருத்தம் சொல்லிவிட்டு, பனியில் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள்.

"நேரத்தைக் குறிச்சு வச்சீங்களாம்மா?"

கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்றை நெருங்கியிருந்தது. கர்டிஸ் தலை நிமிராமல் இருந்தார், ஆனால் அழுகை நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பத்து முப்பத்தாறு," என்றாள்.

"அப்ப கூட யார் இருந்தாங்க? எழுதணும்."

"அவன் புருஷன்."

"நீங்க?"

"நான் கிச்சன்ல இருந்தேன்," என்றாள் ஆர்லீன்.

ஃபோனை வைத்துவிட்டு, சொன்ன இடத்துக்கே போய் நின்றாள். கழுவாத மாவுக் கிண்ணம் தொட்டியில் கிடந்தது. சத்தம் வராமல் குழாயை மெல்லத் திறந்து, ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.