மெர்ஹாவி குடித்த மூன்றாவது காப்பி

எங்கள் எரித்ரிய கால்பந்து அணி வெளிநாட்டில் ஆடப்போனால் பலர் திரும்பி வருவதில்லை. போன முறை திரும்பிவந்த விமானத்திலிருந்து இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று என் அண்ணன் மெர்ஹாவி முதல்முறையாக அந்த அணியோடு புறப்பட்டான்.

அம்மா காப்பி போட்டாள். ஒரே தூளை மூன்று முறை கொதிக்கவைத்து மூன்று சுற்று ஊற்றுவோம்; மூன்றாவதுதான் ஆசீர்வாதம். அண்ணன் எப்போதும் முதல் சுற்றிலேயே பந்தோடு ஓடிவிடுவான். இன்று அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, பஸ் போயிடப்போகுது. கோல் போடுற காலு வேர் விட்டுடுச்சா?" என்று அம்மா சிரித்தாள்.

"இருக்கட்டும்மா. மூணாவதையும் ஊத்து."

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கு அது விடைபெறுவதுபோல் பட்டது. நான் தப்பாகவும் நினைத்திருக்கலாம். இதை எழுதும்போதும் உறுதியாகத் தெரியவில்லை.

வாசலில் அவனிடம் பையைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"வந்துடுவேல்லண்ணே?"

அவன் என் தலையில் கை வைத்தான். "அம்மாவை நேரத்துக்குச் சாப்பிட வை. நீ சொல்லலேன்னா மறந்துடுவா."

பேருந்து போனதும் உள்ளே வந்தேன்.

"ஞாயித்துக்கிழமை அவன் வந்து இறங்கினதும் என்னடி சமைக்கலாம்?" என்றாள் அம்மா.

"ஆட்டுக்கறி" என்றேன்.